கோடு வரைக்கும்

சன்ஷேடு மூலையில் தொடங்கி
படி இறங்குகிற மாதிரி
செங்கல் செங்கலாய் இறங்குகிறது விரிசல்.
முதல் வருஷம் போஸ்ட் கார்டு நுழைந்தது.
மறு வருஷம் ஒரு ரூபாய்க் காசு,
விளிம்பை முன்னால் விட்டால்.
இந்த ஆடியில் கரண்டு அட்டை
மடித்தபடியே உள்ளே போய்
திரும்பி வர யோசித்தது.

ஒவ்வொரு நுனியிலும்
பென்சிலால் தேதி எழுதி வைத்திருக்கிறேன்.
தை பதினாறு. வைகாசி மூன்று.
பக்கத்துத் தோட்டத்தில்
ரிக் வண்டி தொள்ளாயிரம் அடி இறங்கிய ராத்திரிக்கு
தேதி இல்லை, ஒரு பெருக்கல் குறி.

வெள்ளியங்கிரி கொத்தனார் வந்து
உளியின் பின்பக்கத்தால் தட்டித் தட்டிக் கேட்டார்,
சந்தையில் தேங்காய் பொறுக்குகிறவர் போல.
"ஓட்டச் சத்தம் இது வரைக்குமுங்க" என்று
கரிக்கட்டியால் வளைத்தார்.
"கீழ கரிசலு. மழைக்கு உப்பும், கோடைக்கு வத்தும்.
பத்தாததுக்கு அந்தாண்ட தறிக்குடோனு.
சொவரு பாவம் என்னங்க பண்ணும்?"

வளைத்த கோடு
மஞ்சளில் கிளம்பி நீலத்தில் முடிந்தது.

மஞ்சள் என் பாகம்.
நீலம் கதிர்வேலண்ணன் பாகம்.
நடுவில் சப் கோர்ட்டு போட்ட கோடு,
ஏழு வருஷம் வாய்தா.
பொட்டப்புள்ளைக்கு எதுக்குச் சொவரு என்று
ஒரம்பரையில் கேட்காதவர் இல்லை.
தீர்ப்பான மாசம் நான் மஞ்சள் அடித்தேன்.
அடுத்த மாசம் அவர் நீலம் அடித்தார்.
அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது.

"அக்கட்டாலயும் சேத்துப் பண்ணோணுங்க.
பாதி அடைச்சா
மழத்தண்ணி அங்க பூந்து இங்க வரும்.
நான் வேணா கேட்டுப் பாக்கட்டுங்களா?"
வேண்டாங்க என்றேன்.
கோடு வரைக்கும் பண்ணுங்க.

வெட்டினார்கள், ஆப்பு வடிவில்.
உதிர்ந்தது சிமெண்ட் இல்லை,
சுக்காங்கல் சுண்ணாம்பு.
உள்ளே ஒரு கூட்டம் கறுப்பெறும்பு.
முட்டையைத் தூக்கிக்கொண்டு
யாரையும் கேட்காமல் நீலத்துக்குள் போயிற்று.

கம்பி பிரஷ் போட்டு, தூசி ஊதி,
தண்ணி தெளித்து, கோழிவலை அறைந்து,
டப்பாவிலிருந்து பால் மாதிரி ஒன்றை ஊற்றி
பாவாத்தாள் கலவை குழைத்தாள்.
டப்பா எழுநூற்றி எண்பது ரூபாய்.
கலந்தால் அரை மணி நேரம்.
அப்புறம் கல்லு.

மூணே முக்காலுக்கு என் பக்கம் முடிந்தது.
சட்டியில் கால்வாசி மிச்சம்.
பாவாத்தாள் சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
காசு போட்டு வாங்கியதைக் குழியில் கொட்ட
எனக்குக் கை வராது.
"போட்டுருங்க."
"எங்கீங்க?"
தாடையால் காட்டினேன்.
வெட்டும்போதே உளி
கோடு தாண்டி ஒரு முழம் போயிருந்தது.
அப்போதும் நான்
பார்க்காத மாதிரிதான் நின்றிருந்தேன்.

அந்த ஒரு முழத்துக்குச் சரியாக இருந்தது.
நீலத்தின் மேல் சாம்பல் நிறத்தில்
பல்லி ஒட்டினாற்போல.
அதற்கு அந்தாண்ட மூணு முழம்
வாய் திறந்தபடி கிடந்தது.

ஏழு நாளைக்கு, மூணு வேளை தண்ணி காட்டச் சொன்னார்.
மறுநாள் கருக்கலில் ஹோஸை இழுத்துப் போனேன்.
மஞ்சளை மட்டும் நனைத்தேன்.
கை திரும்பப் பார்த்தது,
அடக்கிக்கொண்டேன்.
வெளிச்சம் வந்தபின்தான் தெரிந்தது,
அந்த ஒரு முழம் எனக்கு முன்பே நனைந்திருந்தது.
அடியில் கரிசலில்
சொம்புத் தண்ணி விழுந்த பள்ளம்.

அண்ணனா, துளசிமணியா,
பள்ளிக்கூட வேன் வருவதற்குள் அந்தச் சின்னவனா,
விசாரிக்கவில்லை.
யார் காசு போட்டதாயிருந்தாலும்
காயவிட்டு வேடிக்கை பார்ப்பது
இந்த வீட்டு ரத்தத்துக்கு ஆகாது.

ஐப்பசி மழைக்கு இன்னும் இருபது நாள்.
மூணு முழம் அப்படியேதான் இருக்கிறது.
டப்பாவில் பாதி மிச்சம்.
மூடியை இறுக்கி
சுவரோரம் வைத்திருக்கிறேன்,
கோட்டுக்குப் பக்கத்தில்.
என் பக்கமாய்த்தான்.